ரோஷன் பீ குடிக்காத சூப்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே ஆட்டுக்கால் சூப் கடை வைத்திருக்கும் ரோஷன் பீ, தன் கடைச் சூப்பை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. இது அவருக்குத் தெரியும், வீட்டுக்காரர் தஸ்தகீருக்குத் தெரியும், மேலே இருப்பவனுக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியக்கூடாது என்று இருபத்திரண்டு வருடமாகக் காப்பாற்றி வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொல்கிறவர்கள் ரோஷன் பீயைப் பார்த்ததில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் பிள்ளை பிறந்தபோது அவருடைய மாமியார் நாற்பது நாள், காலையும் மாலையும், எதிரே நின்றுகொண்டு ஆட்டுக்கால் சூப்பைக் குடிக்க வைத்தார். நாற்பத்தொன்றாம் நாள் முதல் டம்ளர் உதட்டருகே வந்தாலே வயிறு தொண்டைக்கு ஏறிவிடும். காய்ச்சுவார், கிண்டுவார், ஊற்றிக் கொடுப்பார். வாசம் மூக்குக்குப் பழகிவிட்டது, வாய்க்குத்தான் ஆகாது. உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்க மாட்டார். விடிகாலையில் முதல் டம்ளர் வாங்குகிற மாதுவின் முகத்தைப் பார்த்துத்தான் உப்புப் போடுவார். மாது மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குகிறவன். அவன் புருவம் ஏறினால் உப்பு அதிகம், உதடு பிதுங்கினால் குறைவு, கண்ணை மூடிக்கொண்டால் சரி. பதினோரு வருடமாக அந்த முகம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

தஸ்தகீரைக் கேட்கலாமே என்பீர்கள். முப்பது வருடமாகத் தட்டில் எது விழுந்தாலும் ‘நல்லாருக்கு’ என்று ஒரு சொல்லோடு கைகழுவப் போகிற மனிதர் அவர். அவரிடம் உப்புக் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்றுதான்.

சுவர் என்றதும் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அடுப்புக்கு எதிர்ச் சுவர் முழுக்க மாவுக்கட்டுகள். கை உடைந்தவர், கால் உடைந்தவர் எல்லாருடைய கட்டும் ஆணியில் தொங்கும், மேலே பேரும் தேதியும் எழுதியிருக்கும். எலும்பு முறிந்தால் ரோஷன் பீ கடைச் சூப் குடிக்க வேண்டும் என்பது பாலக்கோட்டில் சட்டம் மாதிரி. அதையும் வீட்டுக்கு வாங்கிப் போய்க் குடிக்கக்கூடாது, கடையில் நாலு பேர் முன்னால் குடிக்க வேண்டும். கட்டுப் பிரிக்கிற நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அதைக் கொண்டுவந்து ஆணியில் மாட்ட வேண்டும், அப்போது கடையில் இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் குடிக்க வேண்டும். இப்படி முப்பத்தேழு கட்டுகள் சேர்ந்திருந்தன. யாரோ தன் கைக்கட்டில் இதயப் படம் வரைந்திருந்தான். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனைவி வந்து அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள்.

வைகாசியில் மாது பெட்டியோடு சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். அவன் மனைவி முனியம்மாள் தினமும் மொபெட்டின் பின்னால் அவனை உட்கார வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். மாது நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து குடிப்பான். ரோஷன் பீக்கு உப்புக் கவலை இல்லை.

ஒரு மாதம் கழித்து மண்டி வாசலில் கிடந்த அழுகிய தக்காளியில் ரோஷன் பீயே கால் வைத்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டோடு வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு வலியைவிட ஊர்தான் பயமாக இருந்தது. நாளைக் காலை கடைக்குப் போயாக வேண்டும், நாலு பேர் முன்னால் குடித்தாக வேண்டும். குடித்தால் வாந்தி, குடிக்காவிட்டால் கேள்வி. ‘சூப்புக்காரியே சூப்புக் குடிக்க மாட்டாளாம்’ என்று ஒரு வாய் சொன்னால் போதும், இருபத்திரண்டு வருடத்துக் கடையை மாரண்டஹள்ளி வரைக்கும் சிரித்தே மூடிவிடுவார்கள்.

அன்று சாயந்திரம் உஸ்மா வந்தாள். அவருடைய அக்கா மகள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாள். சித்தியைக் காலா என்றுதான் கூப்பிடுவாள்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க காலா?”

“டீயும் பன்னும். கை ஒடிஞ்சவளுக்கு வேலை இல்ல. வேலை இல்லாதவளுக்குச் சோறு எதுக்கு?”

“வூடு கட்டுறப்ப கொத்தனாரைப் பட்டினி போடுவீங்களா? எலும்பு கூடுற நேரத்துலதான் ஒழுங்கா சாப்பிடணும். மூணு வேளையும் தட்டுல முட்டையோ பருப்போ தயிரோ மீனோ ஒண்ணு இருக்கணும். ஒரே வேளையில அள்ளிப் போட்டுக்கிட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்க. களி தின்னுங்க, கீரை தின்னுங்க, கொய்யாப்பழம் கடிங்க. டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தீங்கல்ல, அதுல வைட்டமின் டி குறைஞ்சிருந்தா டாக்டர் மருந்து குடுப்பாரு. குறையலன்னா அதுவும் வேணாம். கட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கற விரலை மட்டும் மணிக்கு ஒருக்கா மடக்கி நீட்டுங்க.”

ரோஷன் பீ தீர்ப்புக் கேட்கிற கைதி போல மெல்லக் கேட்டார். “அப்ப சூப்பு?”

“சூடா இருக்கும், ருசியா இருக்கும். எலும்பைக் கூட்டும்னு எந்த ஆராய்ச்சியும் அடிச்சுச் சொல்லல. கால்சியமே அதுல ரொம்ப இல்ல காலா. எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வச்சாலும் அது லேசுல தண்ணிக்கு இறங்காது. உங்க கேவுரு களியில அதைவிட ஜாஸ்தி.”

“அடிப் பாவி! அப்ப சுவத்துல தொங்குற முப்பத்தேழு பேரு?”

“சரியா வச்சுக் கட்டுனா எலும்பு தானா கூடும். சூப்பு குடிச்சாலும் கூடும், குடிக்காட்டியும் கூடும். குடிக்காம கூடுனவங்க கட்டு எந்தச் சுவத்துல தொங்குது, சொல்லுங்க? காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான். நீங்க காக்காவை மட்டும் எண்ணி வச்சிருக்கீங்க.”

ரோஷன் பீக்குக் கோபம் வந்தது. தான் குடிக்காத சூப்பாக இருந்தாலும் தான் காய்ச்சிய சூப் அல்லவா? ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு பெரிய நிம்மதியும் வந்தது. குடிக்காவிட்டாலும் கை கூடும்! அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருட ரகசியத்தைக் கொட்டிவிட்டார். உஸ்மா சிரித்த சிரிப்பில் தெருநாய் குரைத்தது.

மீதித் திட்டம் ரோஷன் பீயுடையது. கொள்ளு ரசத்தில் மிளகைத் தூக்கலாகப் போட்டு, மேலே கொத்தமல்லி தூவி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் பார்வைக்கு அசல் சூப். கொள்ளிலும் புரதம் உண்டு என்று உஸ்மா ஒப்புதல் கொடுத்தாள். மறுநாளிலிருந்து தஸ்தகீர் வீட்டிலேயே ரசம் வைத்து, சின்னத் தூக்கில் கொண்டுவந்து, அடுப்படிக்குப் பின்னால் மறைத்து வைத்தார். ரோஷன் பீ கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஊர் பார்க்கக் குடித்தார். குடித்து முடித்ததும் ‘ஹா’ என்று ஒரு பெருமூச்சு. அந்த ‘ஹா’வில்தான் ஊர் கவிழ்ந்தது.

“கை எப்புடி இருக்குதுங்க பாயம்மா?” என்று மாது கேட்டான்.

“கட்டுக்குள்ள எலும்பு ஓடி ஓடிச் சேருது மாது. நான் வேற ஒண்ணும் பண்ணலப்பா. சூப்பு மட்டும்தான்.”

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வியாபாரிக்கு வாய் சும்மா இருக்குமா? முந்தானைக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே சொன்னார்.

நோய்க்கு மருந்து சொல்லாத வாய் ஊரில் ஏது? முனியம்மாள் பிரண்டைத் துவையல் அரைத்துக் கொண்டுவந்தாள். மண்டியில் தரகு பார்க்கும் ஹபீப், தருமபுரி ஜிம்முக்குப் போகிறவன், பக்கெட் அளவுக்குப் புரதப் பவுடர் டப்பா ஒன்றைத் தூக்கி வந்தான். டப்பாப் படத்தில் இருந்த ஆளுக்குத் தன் முதுகைத் தானே சொறிய முடியாது, அவ்வளவு தசை. உஸ்மா இரண்டையும் பார்த்தாள்.

“பிரண்டையை ருசிக்குச் சாப்பிடுங்க. அங்கங்க சின்னச் சின்னதா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, முடிவு சொல்ற அளவுக்கு இல்ல. பவுடரு பால்ல இருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான். சாப்பாடு இறங்காதவங்களுக்கு உதவும். மூணு வேளையும் முட்டையும் பருப்புமா தின்னுறவங்களுக்கு அது புதுசா என்ன செய்யப் போவுது?”

ரோஷன் பீ பவுடரைச் சேமியா பாயசத்தில் கலந்து ஹபீப் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். பாயசம் கொஞ்சம் கொழகொழவென்று இருந்ததாக ஹபீப் சொன்னான், இரண்டு கிண்ணம் குடித்த பிறகு.

ரோஷன் பீயின் கை முறிந்த இரண்டாவது வாரத்தில் மாதுவின் கட்டைப் பிரித்தார்கள். முப்பத்தெட்டாவது ஆணி. அன்று கடையில் கூட்டம் நெரிந்தது. ஹபீப் அவசரத்தில் கல்லாவில் இருந்த ரோஷன் பீயின் டம்ளரை எடுத்துக்கொண்டு தன்னுடையதை அங்கே வைத்துவிட்டான். ரோஷன் பீ பார்ப்பதற்குள் ஒரே மடக்கில் பாதி போய்விட்டது.

ஹபீப் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். “இன்னைக்குச் சூப்பு வேற லெவலு! கால் நல்லா வெந்து, மஜ்ஜை அப்புடியே இறங்கியிருக்குது. நெஞ்செலும்பு வரைக்கும் போவுது பாருங்க!”

ஆட்டின் நிழல்கூட விழாத ரசம் அது. ரோஷன் பீக்குச் சிரிப்பு வந்திருக்கும், எல்லார் கண்ணும் அவர் டம்ளர் மேல் இல்லாமல் இருந்தால். “குடிங்க பாயம்மா, குடிங்க” என்றாள் முனியம்மாள். குடித்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கன்னம் இரண்டும் உப்பி நிற்க, கண்ணில் நீர் தளும்ப, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே அடுப்படிக்குப் பின்னால் ஓடினார். தஸ்தகீர் வாளியைப் பிடித்தார். எல்லாம் வெளியே வந்து ஓய்ந்த பிறகு முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். “நல்லாருக்கா?”

முன்னால் மாதுவின் குரல் கேட்டது. “பாத்தீங்களா, பாயம்மாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. என் காலு கூடுன சந்தோசம்.”

விஷயத்தைக் கேட்டு உஸ்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுடைய வாத்தியார் முகம் வந்தது. “மருந்தைச் சோதிக்கறவங்க இதைத்தான் வேணும்னே செய்வாங்க காலா. எது நிஜம், எது போலின்னு குடிக்கறவனுக்கும் தெரியாது, குடுக்கறவனுக்கும் தெரியாது. கடைசியில பிரிச்சுப் பாத்தாத்தான் மருந்து எது, நம்பிக்கை எதுன்னு புரியும். ஆனா ஒரே ஒரு ஹபீப் அண்ணனை வச்சு முடிவு கட்டக்கூடாது. ஆயிரம் ஹபீப் வேணும்.”

“ஒரு ஹபீபையே ஊரு தாங்கல” என்றார் ரோஷன் பீ.

இதுவரைக்கும் விளையாட்டு. வினை அதற்குப் பின் வந்தது. மாதுவின் கட்டுச் சுவரில் ஏறிவிட்டது, ஆள் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிக் காலை ஊன்றலாம் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்லியாயிற்று. ஊன்றி நடக்க வேண்டும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும் என்று உஸ்மா சொல்லிக் கொடுத்தாள். மாது ஒரு நாள் செய்தான். வலித்தது, விட்டுவிட்டான். மொபெட்டில் வந்தான், சூப் குடித்தான், மொபெட்டில் போனான். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பெட்டி பெட்டியாகச் சுமந்து திரண்டிருந்த கெண்டைக்கால், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது போல வற்றிப்போனது. கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக்கொண்டது. மண்டியில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்து பெட்டி தூக்கத் தொடங்கிவிட்டான்.

ரோஷன் பீ மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். “மாது, சூப்பு குடிச்சதும் கொஞ்சம் நடந்தாத்தான்பா அது காலுக்கு இறங்கும்.”

மாது சிரித்தான். “என்னாங்க பாயம்மா, உஸ்மா பாப்பா சொல்லிக் குடுத்துச்சா? வலிக்குதுங்க. வலிச்சா எலும்பு வுடுதுன்னு அர்த்தம். நீங்க என்னா பயிற்சி பண்றீங்க? சூப்பு மட்டும்தான்னு நீங்களே சொன்னீங்களே. உங்களுக்குக் கூடும், எனக்குக் கூடாதா?”

முந்தானைக்குள் ரோஷன் பீயின் விரல்கள் பாதியில் நின்றன.

ரோஷன் பீயின் கட்டைப் பிரிப்பதற்கு முந்தின நாள் முனியம்மாள் தனியாக வந்தாள். அழுதிருந்தாள். “பாயம்மா, நாளையிலிருந்து அவருக்கு ரெண்டு டம்ளரா குடுங்க. ஒரு டம்ளரு பத்தலபோல. ராத்திரியெல்லாம் காலைத் தடவிக்கிட்டே உக்காந்திருக்காரு. இனிமே பெட்டி தூக்க முடியாதான்னு கேக்குறாரு. நான் என்னான்னு சொல்ல?”

ரோஷன் பீ அவளை அனுப்பிவிட்டு நேராக உஸ்மாவின் மாடிக்கு ஏறினார். “நீ போய் அவன்கிட்டச் சொல்லு. உன் காலா சூப்புக் குடிக்கல, முட்டையும் பருப்பும் தின்னா, விரலை மடக்கி நீட்டுனான்னு சொல்லு.”

“நான் சொல்ல முடியாது. நீங்க என் பேஷண்ட். உங்க ரகசியத்தை வெளியே விட்டா, நாளைக்கு எவன் என்கிட்ட உண்மை பேசுவான்?” உஸ்மா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். “இன்னும் தாமதமானா அந்தக் காலைப் பழையபடி ஆக்குறது ரொம்பக் கஷ்டம். இப்பன்னா முடியும். உங்களைப் பாத்து உக்காந்தவரு, உங்க வாயால கேட்டாத்தான் எழுந்திருப்பாரு.”

“சொன்னா கடை?”

பதிலுக்குக் காத்திராமல் ரோஷன் பீ படி இறங்கினார். வழியெல்லாம் தனக்குத்தானே வழக்காடினார். கால் அவனுடையது, பயிற்சி செய்யாதது அவன் குற்றம், நானா கட்டிப்போட்டேன்? நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பதினோரு வருடமாக விடியலில் முதல் முகமாகப் பார்த்த முகம், வழக்கில் தோற்க மாட்டேன் என்று நின்றது. வாய்க்கொழுப்பில் விட்ட ஒரு ‘மட்டும்தான்’ ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஏலம் முடிந்ததும் மண்டியே கடைக்குள் புகுந்துவிட்டது. சூப்புக்காரம்மாவின் கட்டு மாட்டுகிற நாள் அல்லவா? ஹபீப் சுத்தியலோடு நின்றான். மாது முன்வரிசையில் நாற்காலியில், அவனுக்குப் பக்கத்தில் முனியம்மாள். உஸ்மா வாசலில் சாய்ந்திருந்தாள். தஸ்தகீர் எல்லாருக்கும் டம்ளர் நிரப்பிக்கொண்டிருந்தார். ரோஷன் பீ ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாகப் பிளந்த கட்டோடு வந்து இறங்கி, மெலிந்த கையை எல்லாரும் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கைதட்டல் கிளம்பியது.

“சூப்புன்னா சூப்புதான்யா!” என்று யாரோ கத்தினான்.

“இல்ல” என்றார் ரோஷன் பீ. “நான் சூப்புக் குடிக்கல.”

கைதட்டல் ஓயவில்லை. அவர் குரலை உயர்த்தினார். “ஒரு சொட்டுக் குடிக்கல. இந்தக் கைக்கும் குடிக்கல, இந்தக் கடை தொறந்த நாள்லருந்தும் குடிச்சதில்ல. எனக்கு ஆவாது. குடிச்சா குமட்டும்.”

கடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பாயம்மா நம்மைச் சோதிக்கிறார் என்றான் ஹபீப். வாயால் கட்டிய கோட்டையை வாயாலேயே இடிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் பொய்யை நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் தமாஷ் என்கிறார்கள். ரோஷன் பீக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது தஸ்தகீர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அவ சொல்றது நிஜம். கொள்ளு ரசம் வச்சுக் குடுத்தது நான்தான். தினமும் தூக்குல கொண்டாந்தேன். முட்டை தின்னா, தயிரு தின்னா, களி தின்னா. முந்தானைக்குள்ள வெரலை மடக்கி நீட்டிக்கிட்டே இருந்தா. சூப்புக் குடிக்கல.”

அந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். ஒருவன் தன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். இன்னொருவன் குடிக்காமல் கீழே வைத்தான்.

“அப்ப நான் அன்னைக்குக் குடிச்சது?” என்றான் ஹபீப், ஈனக் குரலில்.

“கொள்ளு ரசம்.”

“மஜ்ஜை இறங்கியிருந்துச்சே!”

மறுபடி சிரிப்பு, இந்த முறை ஹபீப் மேல். மாது மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் ரோஷன் பீக்குத் தெரியாத முகமாக இருந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“ஒரு மாசம், பாயம்மா.” நாற்காலியின் கையை ஓங்கித் தட்டினான். “ஒரு மாசமா உக்காந்திருந்தேன். உன் கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

பதினோரு வருடத்தில் அவன் அவரை ‘உன்’ என்று சொன்னது அன்றுதான். ரோஷன் பீக்கு அடி விழுந்தது போல இருந்தது. ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். மாது ஒரு எட்டு முன்னால் வைத்தான். ஊன்ற மாட்டேன் என்று மாதம் முழுக்க அடம்பிடித்த கால் அது.

முனியம்மாள் பிடிக்கப் போனாள். வாசலிலிருந்து உஸ்மா ‘வேண்டாம்’ என்று கையைக் காட்டிவிட்டு, ரோஷன் பீயைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

ரோஷன் பீயின் கண்ணில் நீர் நின்றது. இருந்தும் உள்ளே இருந்த பழைய குறும்புக்காரி தலையைத் தூக்கினாள். “ஆமா, ஏமாத்துனேன். இப்ப என்னா பண்ணப் போற? உக்காந்த எடத்துலருந்தே திட்டு. அதுதானே உனக்கு முடியும்?”

“என்னாது!”

அடுத்த எட்டில் நாற்காலியை விட்டுவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். ரோஷன் பீ பின்னாலேயே நகர்ந்தார். படியில் இறங்கினார். மாது கதவு நிலையைப் பிடித்து இறங்கினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. “என் எடத்துக்கு வேற ஆளு வந்துட்டான் தெரியுமா உனக்கு? என் பொண்டாட்டி அழுவுறா தெரியுமா?” என்று ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கேள்வி கேட்டான். ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ரோஷன் பீ, “தெரியும், இன்னும் சொல்லு, இங்க வந்து சொல்லு” என்று பின்வாங்கினார். தக்காளி ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று இவர்களுக்காக நடு ரோட்டில் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கக் கை வைத்து, மாதுவின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான்.

மண்டி கேட்டில் முதுகு முட்டியதும் ரோஷன் பீ நின்றார். மாது வந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சட்டை முழுக்க வேர்வை. மூச்சு வாங்கியது.

“வலிக்குதா?” என்றார் ரோஷன் பீ.

“உசுரு போவுது.”

“எலும்பு வுட்டுடுச்சா?”

மாது குனிந்து தன் காலைப் பார்த்தான். திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தான்.

“இல்ல” என்றான். பிறகு மறுபடி கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டான். “நான் இன்னும் திட்டி முடிக்கலங்க. நாளைக்கும் வருவேன்.”

“வா. தினமும் வந்து திட்டு. ஆனா நடந்து வா. மொபெட்டுல வந்தா நான் காது குடுக்க மாட்டேன்.”

எதிரே கடைக்குள் டம்ளர்கள் வைக்கப்படுகிற சத்தமும் ஆட்கள் எழுந்து போகிற சத்தமும் கேட்டன. எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க ரோஷன் பீக்குத் தைரியம் வரவில்லை. மாதுவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நின்றது.